டிரவுட் பிடிக்கப் போன சித்திரை

சித்திரை இரண்டாவது வாரம். கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கே காற்றில் அனல் இருந்தது. என் கையில் தூண்டில் உறை. பக்கத்தில் மனைவி சரசு, அவள் காலடியில் ஒரு துணிப்பை. அதற்குள் எங்கள் தோட்டத்துத் தேங்காய் நான்கும் ஒரு சீப்பு நேந்திரன் பழமும் இருந்தன.

"மீன் புடிக்கப் போறதுக்குத் தேங்காய் எதுக்குங்க?" என்று டீக்கடைக்காரர் சிரித்தார்.

"அங்க ஒறம்பரை ஊடு இருக்குதுங்க" என்றாள் சரசு.

உறவுக்காரர் வீடு என்று அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஊரார் காதில் விழும்படி சொன்னது அதைவிடப் பிடிக்கவில்லை. ஆனால் பொள்ளாச்சி பஸ் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகள் நித்யா எர்ணாகுளத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் ரூபன் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாக மாசி மாதம் சொன்னாள். மூணாறு எஸ்டேட் பையன், கத்தோலிக்கக் குடும்பம். அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை, அம்மா கொழுந்து பறிக்கிறவர். நான் கத்தவில்லை, பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். பங்குனிக் கடைசியில் சரசுவுக்கு அவளிடமிருந்து போன் வந்தது. "அப்பாவுக்குத் தூண்டில்னா உசுராச்சே. ரூபன் ஊர்ல ஒரு ஏரி இருக்குது, அதுல டிரவுட் மீன் இருக்குது. ரூபனோட அப்பா வரச் சொல்றாரு" என்றாள். அவள் என் பலவீனம் தெரிந்தவள். வாய்க்காலிலும் மீன்கரை அணையிலும் கெண்டை பிடித்தே வளர்ந்தவன் நான். டிரவுட்டைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். மீனைப் பிடித்த கையோடு "இது சரிப்படாதுங்க" என்று மரியாதையாக நேரில் சொல்லிவிட்டு வருவதுதான் என் திட்டம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள். அங்கிருந்து உடுமலை முப்பது. உடுமலையிலிருந்து மூணாறு ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு நூற்றுச் சொச்சம். கேரளத்தில் ஏறி, தமிழ்நாட்டில் இரண்டு பஸ் மாறி, மறுபடியும் கேரளத்தில் இறங்குகிற வழி இது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

அமராவதி தாண்டியதும் காடு தொடங்கியது. சின்னாறு செக்போஸ்ட்டில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. முள்ளும் பாறையுமாக எல்லாம் காய்ந்து கிடந்தன. ஒரு மரத்தில்கூட இலை அசையவில்லை. மறையூரில் கரும்புப் பாகு காய்ச்சும் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. அதற்குமேல் ஒவ்வொரு வளைவிலும் வெயிலின் நிறம் மாறியது. முதலில் மஞ்சள் போயிற்று, பிறகு சூடு போயிற்று, பிறகு வெயிலே போயிற்று. தலையாறு பக்கம் தேயிலைச் சரிவுகள் தொடங்கியபோது, மலைகள் மெதுவாகத் திரும்பிப் படுப்பது போலத் தோன்றியது. சரசு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடாமலே தூங்குகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து சீட்டில் ஓர் எஸ்டேட் பெண்மணி இருந்தார். என் தூண்டிலைப் பார்த்துவிட்டு எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

"டிரவுட்டா? நான் பொறந்ததே இந்த மலையிலதான். ஒரு நாளும் கண்ணால பாத்ததில்ல" என்றார். "மழ பெஞ்ச மறுநாள் வெள்ளன போனா மேல வரும்னு சொல்லிக்குவாங்க. ஆனி ஆடியில போயிராதீங்க. தண்ணி செவப்பா கலங்கி ஓடும். ஒண்ணும் ஆப்புடாது."

மூணாறில் இறங்கியபோது மணி ஒன்றரை. கறுப்புக் குடையோடு ஒருவர் எங்களை நோக்கி வந்தார். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை, சலவை செய்த வெள்ளைச் சட்டை. ரூபனின் அப்பா ஆரோக்கியராஜ்.

"வாங்க அண்ணாச்சி. வாங்கம்மா. பிரயாணம் சொகமா?" என்றார். அவர்கள் தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவர்கள். அந்தப் பேச்சு இன்னும் விடவில்லை.

தேவிகுளம் வரை ஜீப்பில் போய், அங்கிருந்து எஸ்டேட் பாதையில் நடந்தோம். அவர்கள் வீடு லயத்தின் கடைசி வீடு. எஸ்டேட்காரர்கள் வரிசையாகக் கட்டிக்கொடுத்த தொழிலாளர் குடியிருப்பைத்தான் லயம் என்கிறார்கள். வாசலில் நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாக நின்றன. அவர் மனைவி பிலோமினா வெந்நீர் போட்டு வைத்திருந்தார். கையில் கொழுந்துக் கறை, முகத்தில் சிரிப்பு, சிரிப்புக்குப் பின்னால் ஏதோ ஒரு கணக்கு. மாலை முழுக்க மழை, கொழுந்து விலை, தேங்காய் விலை, சரசுவின் முழங்கால் வலி என்று எல்லாவற்றையும் பேசினோம். நித்யா என்ற பெயரையோ ரூபன் என்ற பெயரையோ யாரும் எடுக்கவில்லை.

இருட்டும் நேரத்தில் தகரக் கூரைமேல் கோடை மழை விழுந்தது. "நல்லதுதான் அண்ணாச்சி" என்றார் ஆரோக்கியராஜ். "மழ விழுந்தா தண்ணி குளுந்துரும், பூச்சியும் விழும், மீன் மேல வரும்னு ஏரி வாட்சர் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஃபேக்டரியில டிரையர் முன்னால நின்னே காலத்த ஓட்டிட்டேன். அந்த ஏரிக்கு உள்ள எறங்குனதே இல்ல."

அன்றிரவு கம்பளிக்குள் படுத்துக்கொண்டு, சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு மூன்று விதமாக அமைத்துப் பார்த்தேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நால்வரும் கிளம்பினோம். தேயிலைச் செடிகள் நனைந்து கறுத்திருந்தன. ஏரி வந்ததே தெரியவில்லை. பாதை முடிந்த இடத்தில் ஒரு வெள்ளை தொடங்கியது, அவ்வளவுதான். கிட்டப் போனபிறகு அது பனிமூட்டம் என்றும், அதற்கடியில் இருக்கும் இருட்டுத்தான் தண்ணீர் என்றும் புரிந்தது. ஒரு சலசலப்பும் இல்லை. அக்கரை இருந்ததா, மலை இருந்ததா என்றுகூடச் சொல்ல முடியாது. இன்னும் முழுதாக விழிக்காத ஒருவரின் அறைக்குள் நுழைந்துவிட்ட மாதிரி நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

ஏரி எஸ்டேட்டுக்குச் சொந்தம். ஆபீசில் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதை ஆரோக்கியராஜ் வாங்கி வைத்திருந்தார். சீட்டைப் பார்த்துவிட்டு வாட்சர் தோணியின் கயிற்றை அவிழ்த்தார். போக விரும்புகிறவர்களுக்காக அவர் சொன்னதையும், நானே அன்று பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதிவிடுகிறேன். டிரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். வெயில் ஏறினால் அடியாழத்துக்குப் போய்விடும், ஆகவே விடிகாலையும் சாயங்காலமும்தான் நேரம். மலையோடை வந்து ஏரியில் சேருகிற வாய்க்கு அருகில்தான் தூண்டில் போட வேண்டும், ஓடை இழுத்து வரும் பூச்சிக்காக மீன் அங்கே வந்து நிற்கும். உங்கள் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. மண்புழுவுக்கு அங்கே அனுமதி இல்லை. இறகு கட்டிய பொய்ப்பூச்சி, இல்லையென்றால் நான் கொண்டுபோன மாதிரி மின்னும் சின்னத் தகடு. கெண்டைக்குத் தக்கையைப் போட்டுவிட்டு மணிக்கணக்காகக் காத்திருப்போமே, அந்தப் பொறுமை இங்கே உதவாது. வீசி, இழுத்து, மறுபடி வீச வேண்டும்.

பெண்கள் இருவரும் கரையில் ஒரு பாறைமேல் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். ஆரோக்கியராஜ் துடுப்பை எடுத்தார். அவருக்குத் துடுப்பும் பழக்கமில்லை. தோணி இரண்டு தடவை தன்னைத்தானே சுற்றிவிட்டு, பிறகு மனமிரங்கி நேராகப் போயிற்று. கொஞ்ச தூரத்தில் கரை மறைந்தது.

ஓடை விழும் ஓசையை வைத்து அதன் வாயைக் கண்டுபிடித்தோம். வீசினேன், இழுத்தேன். தகடு தண்ணீருக்குள் ஒரு வெள்ளிக் கண்போல மினுங்கி மினுங்கி வந்தது. பின்னால் எதுவும் வரவில்லை. எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. வட்டங்கள் விரிந்து எங்கள் தோணியைத் தொட்டுப் போயின. எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்றோ தெரியாது. நேரம் என்ற ஒன்றைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

"அண்ணாச்சி" என்றார் ஆரோக்கியராஜ். "ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"எங்களுக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதமில்ல."

நான் வீசப் போன கையை இறக்கினேன். நான் சொல்ல வைத்திருந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. நிம்மதியல்லவா வந்திருக்க வேண்டும்? வந்தது கோபம்.

"ஏனுங்க, என்ற பொண்ணுக்கு என்ன கொறைங்க?" என்றேன். என் குரல் தண்ணீர்மேல் போய் எங்கோ மோதித் திரும்பி வந்தது.

"பிள்ளைக்கு ஒரு கொறையும் கெடையாது. தங்கம். கிறிஸ்மசுக்கு வந்திருந்தப்பவே பிலோமினாவுக்குப் பிடிச்சுப் போச்சு."

"கிறிஸ்மசுக்கு வந்திருந்தாளா?"

அவர் துடுப்பை நிறுத்தினார். "உங்ககிட்ட சொல்லலியா? எனக்குத் தெரியாம போச்சு."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்குக் கல்யாணம் ஆகாத காலம் அண்ணாச்சி. ஒரு வருசம் இங்க வேல சரியா இல்ல. உங்க பக்கம் கடல பறிக்க வந்தோம், ஏழெட்டுப் பேரு. தாகத்துக்குத் தண்ணி கேட்டோம். சிரட்டையில ஊத்திக் குடுத்தாங்க. குடிச்சிட்டு அதக் கழுவி வேலியில மாட்டிட்டுப் போகணும். மறுநாளும் அதே சிரட்ட. என் சிரட்ட எதுன்னு எனக்கே அடையாளம் தெரிஞ்சு போச்சு." துடுப்பைத் தோணிக்குள் எடுத்து வைத்தார். "அந்தப் பக்கத்துக்கு எம் பிள்ளைய மருமகன்னு அனுப்பி வைக்கணுமா? உங்க சனம் அவன உக்கார வச்சு சோறு போடுமா? நீங்க போடுவீங்க. நான் உங்களச் சொல்லல."

"எந்த ஊருங்க அது?"

"பேரு வேண்டாம். உங்க ஊருக்குப் போற பஸ்சுதான் அங்கயும் போகும்."

"அதெல்லாம் அந்தக் காலமுங்க. இப்ப ஆரு பாக்கறாங்க?"

"இப்ப உங்க தோட்டத்துக்கு வேலைக்கு வாரவங்களுக்கு எதுல தண்ணி குடுக்கீங்க?"

"எவர்சில்வர் டம்ளர்லதானுங்க."

"அந்த டம்ளர்ல நீங்க குடிப்பீங்களா?"

பம்ப்செட் ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கும் மூன்று டம்ளர்கள் கண்முன் வந்தன. அவை வீட்டுக்குள் வந்ததே கிடையாது. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை. பனி எங்கள் முகத்தை நனைத்துக்கொண்டிருந்தது. செய்ய வேறொன்றும் தோன்றாமல் தூண்டிலை மறுபடியும் வீசினேன்.

தகடு தண்ணீரைத் தொட்டதும் தூண்டில் நரம்பு இறுகியது.

கெண்டை இழுத்தால் மண்மூட்டை இழுக்கிற மாதிரி இருக்கும். இது அப்படியில்லை. மின்சாரம். ரீல் கிறீச்சிட்டது. மீன் தோணிக்கு அடியில் ஓடியது, வெளியே வந்தது, தண்ணீருக்கு மேல் முழு உடம்போடு எழுந்து தலையை உதறியது. அந்த ஒரு நொடி வெள்ளைப் பனிக்கு நடுவில் அதன் விலாவில் ஒரு ரோஜா நிறக் கோடு தெரிந்தது. இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று நினைத்தேன். பிறகு, இல்லை, இதற்காக மட்டும் வரவில்லை என்றும் நினைத்தேன்.

"புடிங்க, அதப் புடிங்க" என்றேன்.

மீனை அள்ளுகிற வலை கரையிலேயே கிடந்தது. ஆரோக்கியராஜ் தோளிலிருந்த துண்டை உருவி, குனிந்து, தண்ணீருக்குள் இரண்டு கையையும் விட்டார். தோணி ஒருபக்கமாகச் சாய்ந்தது. நான் அவர் இடுப்பு பெல்ட்டை இடது கையால் பற்றிக்கொண்டேன். மீனும் துண்டுமாக அவர் தோணிக்குள் விழுந்தார். அவர் சட்டையெல்லாம் தண்ணீர். மீன் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். முதுகு முழுக்கக் கறுப்புப் புள்ளி, பொடிப்பொடியான செதில். அதைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் இந்தக் கூத்தில் தோணி எந்தப் பக்கம் திரும்பியது என்று இருவருக்கும் தெரியவில்லை. பனி இன்னும் கெட்டியாகியிருந்தது. ஓடையின் ஓசை எல்லாத் திசையிலிருந்தும் கேட்டது. கொஞ்ச நேரம் துடுப்புப் போட்டோம். நாணல் வந்தது, கரை வரவில்லை. ஆரோக்கியராஜின் பல் குளிரில் அடித்துக்கொண்டது. என் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. தேயிலைக் காட்டில் ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்குக் கூப்பிடுகிற நீண்ட குரல்.

"ஏங்... கோ..."

பிலோமினா. அது ஓய்ந்ததும் இன்னொன்று, தோப்பில் மோட்டார் ஓடும் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல்.

"ஏனுங்... கோ..."

சரசு. இருவரும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். பனிக்குள் அந்த இரண்டு குரல்களும் ஒரே கயிற்றின் இரண்டு இழை மாதிரி வந்தன. நாங்கள் ஒன்றும் பேசாமல் அதைப் பிடித்துக்கொண்டு துடுப்புப் போட்டோம்.

கரையில் இறங்கியதும் பிலோமினா மீனைப் பார்க்கவில்லை, கணவரின் மேலிருந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். சரசு என் முகத்தைப் பார்த்தாள். வெயில் வந்தது. பனி விலகியபோது ஏரி இவ்வளவு சின்னதா என்று வியப்பாக இருந்தது. நாங்கள் வழி தெரியாமல் சுற்றியது கூப்பிடு தூரத்துக்குள்தான்.

மதியம் அந்த மீனைப் பிலோமினா குறுமிளகு அரைத்துத் தடவி வறுத்தார். நால்வரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சதை இளஞ்சிவப்பு, முள் குறைவு, மழைத்தண்ணீர் மாதிரி ஒரு சுத்தமான ருசி. சரசு, "கொளம்பு வெச்சா கெட்டுப் போயிருமுங்க, இப்புடித்தான் நல்லாருக்குது" என்றாள்.

மூன்றாம் நாள் காலை, மூணாறு பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது நான் ஆரோக்கியராஜிடம் சொன்னேன். "வைகாசியில எங்கூர்ல மாரியாத்தா நோம்பி. சொந்தக்காரங்க அத்தன பேரும் ஊட்டுக்கு வருவாங்க. நீங்க ரெண்டு பேரும் வரோணும். மொதப் பந்தியில என்ற பக்கத்துல உக்காரோணும். அதப் பாத்துப்போட்டுச் சம்மதமா இல்லியான்னு சொல்லுங்க."

அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "லீவு எழுதிக் குடுக்கணும்" என்றார்.

பஸ் இறங்க இறங்கச் சூடு ஏறியது. மறையூர் தாண்டியதும் தோணியில் நடந்ததை சரசுவிடம் சொன்னேன். சிரட்டை வரை கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"கிறிஸ்மசுக்கு நித்யா அங்க போனாளாமா" என்றேன்.

"தெரியுமுங்க. கேக்கு நாந்தான் வாங்கிக் குடுத்து உட்டன்" என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அவர்கள் வைகாசியில் வந்தார்கள். எங்கள் ஊர் வெயிலில் ஆரோக்கியராஜ் குடைக்குள்ளேயே நின்றார். பிலோமினா எங்கள் தென்னந்தோப்பை, நான் அவர்கள் ஏரியைப் பார்த்த மாதிரி பார்த்தார். இவ்வளவு சமதரையை அவர் ஒரே இடத்தில் பார்த்ததில்லையாம். பந்தியில் இலை போட்டதும் என் பெரியப்பா மகன் எழுந்து இலையைத் தொடாமலே வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் இருவர் போனார்கள். மற்றவர்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சரசு காலியான அந்த மூன்று இலையில் ஒன்றின்முன் வந்து உட்கார்ந்தாள். பரிமாற வேண்டியவள் உட்கார்ந்ததும், அவள் தங்கை சாம்பார் வாளியைக் கையில் எடுத்தாள். ஆரோக்கியராஜ் மெதுவாகச் சாதத்தைப் பிசைந்தார். பிலோமினா இரண்டாம் தடவை ரசம் கேட்டார்.

பெரியப்பா மகன் இன்றுவரை பேசவில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்று எழுத எனக்கு ஆசைதான். தெரியவில்லை.

மறுநாள் அவர்களை பஸ் ஏற்றிவிடப் போனேன். தார்ச்சாலையில் கானல் பறந்தது. மலையில் குளிர் நம்மைச் சுருட்டிக்கொள்ளச் சொல்கிறது, இங்கே வெயில் ஒளிய இடமில்லாமல் நிறுத்தி வைக்கிறது. அன்று பந்தியில் எல்லோரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஆரோக்கியராஜ் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். சம்மதமா இல்லையா என்று அவர் சொல்லவில்லை.

"அடுத்து எப்ப மலைக்கு வாரீங்க அண்ணாச்சி? ஆனி ஆடி மழ விட்டப்புறம் ஐப்பசி வரைக்கும் பரவால்ல. மார்கழி, தையில வந்துராதீங்க. மீன் முட்ட போடுற காலம், ஏரிய அடச்சிருவாங்க."

"தையிலதான் வருவோமுங்க. மீன் புடிக்க இல்லீங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிலோமினா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"மாதா கோயில்ல நாள் கேட்டு வைக்கேன்" என்றார் ஆரோக்கியராஜ்.